தராசு கேபிளுக்காகக் கடைப் பூட்டைக் கழற்றலாமா?

வியாபாரப் பெருமக்களில் பலர் அண்மையில் கடைக்குப் புதிய கம்ப்யூட்டர் வாங்கியிருப்பார்கள். அந்தக் கட்டாயம் எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. சரி, விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லாத கம்ப்யூட்டர்களை அது ஏற்பதில்லை. 2018க்கு முன்பு வாங்கியவை பெரும்பாலும் கழிந்துபோயின. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை ஓரங்கட்டிவிட்டுப் புதியது வாங்கினோம். வாங்கிய மறுநாளே ஒருவருக்குத் தராசு பேசவில்லை, இன்னொருவருக்குக் கணக்கு மென்பொருளின் டாங்கிள் பேசவில்லை, மற்றொருவருக்கு ஸ்டிக்கர் அடிக்கும் மிஷின் பேசவில்லை.

என் கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மளிகை மொத்த வியாபாரம். எலக்ட்ரானிக் தராசில் சரக்கை வைத்தால் எடை தானாகப் பில்லில் விழ வேண்டும். பல ஆண்டுகளாக அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது. புதிய கம்ப்யூட்டரில் விழவில்லை. டிரைவரை ஏற்ற முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் மட்டும் வந்தது. தீபாவளிக்கு ஐந்தாறு நாள்தான் இருந்தது. பருப்பும் வெல்லமும் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருக்க, பில் போடும் பையன் எடையைத் துண்டுச் சீட்டில் எழுதி வந்து கையால் அடித்துக்கொண்டிருந்தான். இரண்டு இடத்தில் தவறும் வந்தது. சர்வீஸ் செய்யும் தம்பியைக் கூப்பிட்டோம். வந்தார், பழைய சி.டி. ஒன்றிலிருந்து எதையோ ஏற்றினார், நாலைந்து இடத்தில் தட்டினார், ஒரு முறை அணைத்துப் போட்டார். தராசு பேசியது. "என்ன தம்பி பண்ணினீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஒரு சின்ன செட்டிங்தான்" என்றார். கேட்ட கூலியைச் சந்தோஷமாகக் கொடுத்தனுப்பினேன்.

பொங்கல் முடிந்து, கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகன் கடைக்கு வந்தபோது, திரையின் ஓரத்தில் கேடயம் போன்ற படத்தின் மேல் மஞ்சள் முக்கோணம் இருப்பதைக் காட்டி, "இது எப்போதிருந்து இருக்கிறது பெரியப்பா?" என்று கேட்டான். அதைத் திறந்து பார்த்த பிறகுதான் அந்தச் சின்ன செட்டிங் எது என்று தெரிந்தது. மெமரி இன்டெக்ரிட்டி என்னும் காவல் அணைக்கப்பட்டிருந்தது. மூன்று மாதம் அப்படியே இருந்திருக்கிறது. அதே கம்ப்யூட்டரில்தான் பாங்குக் கணக்கு, ஜி.எஸ்.டி. கணக்கு, ஊர் ஊராக நமக்கு வர வேண்டிய நிலுவை எல்லாம் இருக்கின்றன.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அவசரம் என்னுடையது; அவர் வேலையை முடித்துக் கொடுத்தார். ஆனால் கழற்றியது என்ன பூட்டு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் தவறு. இந்தத் தவறு இன்று பல கடைகளில் நடந்திருக்கும் என்று நினைப்பதால், எனக்குத் தெரிந்துகொண்ட அளவில் விஷயத்தை உறுப்பினர்கள் முன் வைக்கிறேன்.

டிரைவர் என்றதும் லாரி டிரைவரை நினைக்க வேண்டாம். கும்பினிக்காரர் காலத்தில் வெள்ளைக்கார வியாபாரிக்கும் நம் ஊர் நெசவாளிக்கும் நடுவே துபாஷ் ஒருவர் நின்று இருவர் பாஷையும் பேசிக் காரியத்தை முடித்தார் அல்லவா? அந்த வேலைதான் இதற்கும். தராசின் பாஷை கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரின் பாஷை தராசுக்குத் தெரியாது. நடுவே நிற்கும் சிறு மென்பொருளே டிரைவர். இவற்றில் பல, கம்ப்யூட்டரின் உள்ளறையான கெர்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்கின்றன. கடையின் முன்பகுதியில் நிற்கும் வாடிக்கையாளர் போலல்ல. கல்லாப் பெட்டி, பேரேடு, இரும்புப் பெட்டி எல்லாம் இருக்கும் அறைக்குள்ளேயே நடமாடுகிறவை. அங்கே ஒருவன் தடுக்கி விழுந்தாலும் எல்லாம் உருளும். 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பை அதன் டிரைவர் உள்ளறையில் படித்ததால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில்கூடப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காவல் காக்க வந்தவன் தடுக்கி விழுந்ததற்கே இந்தப் பாடு. திருடனே உள்ளே போனால் என்னவாகும்?

இதனால்தான் மைக்ரோசாப்ட் அந்த அறைக்குப் படிப்படியாகப் பூட்டு மேல் பூட்டாகப் போட்டது. 2007இல் வந்த விஸ்டாவின் 64 பிட் வகையில், கையெழுத்து முத்திரை இல்லாத டிரைவர் உள்ளே வரக் கூடாது என்றது. 2016இல், புதிய டிரைவர்களுக்கு அந்த முத்திரையைத் தன்னிடமே வாங்க வேண்டும் என்றது. 2018இல் மெமரி இன்டெக்ரிட்டியை எல்லோருக்கும் தெரியும் இடத்தில் ஒரு பொத்தானாக வைத்தது; 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது, தகுதியுள்ள புதிய கம்ப்யூட்டர்களில் அது இயங்கியபடியே வரத் தொடங்கியது. 2022இல், ஓட்டை உண்டு என்று தெரிந்த டிரைவர்களின் தடைப் பட்டியலையும் எல்லாருக்கும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

மெமரி இன்டெக்ரிட்டி என்ன செய்கிறது என்பதை வியாபாரிக்குச் சொல்வது எளிது. கணக்கு எழுதுகிறவரிடமே கல்லாச் சாவியும் இருக்கக் கூடாது என்பது நம் தகப்பனார் காலத்து ஏற்பாடு. அதே ஏற்பாடுதான். உள்ளறையின் நினைவகத்தில் எந்த இடத்தில் எழுத முடியுமோ அந்த இடத்திலிருந்து கட்டளையை நிறைவேற்ற முடியாது. எங்கிருந்து நிறைவேற்ற முடியுமோ அங்கே எழுத முடியாது. இதை மேற்பார்க்கிறவரும் அந்த அறையில் உட்காரவில்லை. பிராசசரின் உதவியால் தனியே பிரித்த ஒரு சிறு அறையில் உட்கார்ந்து பார்க்கிறார். ஆகவே உள்ளறைக்காரரை யாராவது வளைத்துப்போட்டாலும் மேற்பார்வையாளரை வளைப்பது கடினம்.

பழைய டிரைவர்கள் பலவற்றுக்கு இது ஒத்துவரவில்லை. அவற்றை எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். அந்தக் காலத்தில் ஒரே இடத்தில் எழுதி அங்கேயே நிறைவேற்றுவது சாதாரண வழக்கமாக இருந்தது. சட்டம் மாறிற்று; டிரைவர் மாறவில்லை; அதை எழுதிய நிறுவனமோ அந்தச் சரக்கை விற்று முடித்து வேறு சரக்குக்குப் போய்விட்டது.

"நம் கடையில் என்ன இருக்கிறது?"

இந்தக் கேள்வியைச் சங்கக் கட்டிடத்திலேயே பல முறை கேட்டிருக்கிறேன். பெரிய பாங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேண்டுமானால் இதெல்லாம் தேவை, எட்டுக்குப் பத்துக் கடைக்கு எதற்கு என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது இதுதான்: நாளைக் காலையில் உங்கள் நிலுவைப் பட்டியல் திறக்கவில்லை என்றால், எந்த ஊர்க் கடைக்காரர் எவ்வளவு தர வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்வீர்களா? மொத்த வியாபாரத்தில் முதல் முக்கால்வாசி வெளியில்தான் நிற்கிறது. சிட்டாவும் பேரேடும் கையால் எழுதிய நாளில் ஒரு நோட்டு கறையான் அரித்தால் ஒரு நோட்டுதான் போகும். இன்று பணம் பறிக்கும் வைரஸ் ஒன்று வந்தால் எல்லா ஆண்டும் ஒரே இரவில் பூட்டிக்கொள்ளும். வந்தவனுக்கு அந்தக் கணக்கு எதற்கும் உதவாது; நமக்கு அது இல்லாமல் முடியாது. அவன் வியாபாரமே அந்த வித்தியாசத்தில்தான் நடக்கிறது.

2017 மே 12ஆம் தேதி பரவிய வான்னாகிரை வைரஸ் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. ஆளைப் பார்த்தோ கடையைப் பார்த்தோ அது வரவில்லை. திறந்திருந்த கதவிலெல்லாம் நுழைந்தது. அந்தக் கதவை மூடும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதமே வந்துவிட்டிருந்தது. போட்டவர் பிழைத்தார், "அப்புறம் பார்க்கலாம்" என்றவர் மாட்டினார்.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது ராபின்ஹுட் என்னும் வைரஸ். 2019 மே மாதம் அமெரிக்காவின் பால்டிமோர் நகராட்சியை முடக்கியது இதுவே. தண்ணீர்க் கட்டணம் வாங்க முடியவில்லை, வீடு விற்பனை பதிவாகவில்லை. கேட்ட பணத்தை நகராட்சி தர மறுத்துவிட்டது. சீர்செய்யவும் வருமான இழப்புக்குமாக 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டார்கள். அதே வைரஸின் ஒரு வகை என்ன செய்கிறது என்பதை 2020இல் சோபோஸ் நிறுவனத்தார் கண்டறிந்து வெளியிட்டார்கள். அது வரும்போதே, நல்ல நிறுவனம் ஒன்று முறையாகக் கையெழுத்திட்டு வெளியிட்டு, பிறகு ஓட்டை தெரிந்து கைவிட்ட ஒரு பழைய டிரைவரையும் மடியில் கட்டிக்கொண்டு வருகிறது. முத்திரை இருப்பதால் கதவு திறக்கிறது. உள்ளே போனதும் அந்த ஓட்டை வழியாக வைரஸ் தடுப்பு மென்பொருளைக் கொன்றுவிட்டு, அப்புறம் நிதானமாகக் கோப்புகளைப் பூட்டுகிறது. "ஆன்டி வைரஸுக்கு வருஷா வருஷம் பணம் கட்டுகிறேனே" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாசலில் நிற்கும் காவல்காரரை உள்ளேயிருந்து கட்டிப்போடும் வேலை இது. பழைய டிரைவர் என்றால் பழைய தராசு மட்டும்தான் ஞாபகத்துக்கு வருகிறது நமக்கு. திருடனுக்கு அது ஏணி.

எனவே அந்தப் பூட்டு நம் தராசின் மேல் சந்தேகப்பட்டுப் போட்டதல்ல. தராசு போகும் வழியிலேயே இவனும் போகிறான் என்பதால் போட்டது.

கேபிளின் கதை

என் கடையில் கோளாறு தராசில் இல்லை. அதன் கேபிளில் இருந்தது. நம்மிடம் உள்ள தராசுகள், வாடிக்கையாளருக்குத் தொகை காட்டும் கம்பப் பலகைகள் பலவற்றில் ஒன்பது ஊசி வைத்த பழைய சீரியல் போர்ட்டுதான் உண்டு. புதிய கம்ப்யூட்டரில் அந்தத் துளை கிடையாது. ஒரு முனையில் ஒன்பது ஊசியும் மறுமுனையில் யு.எஸ்.பி.யும் உள்ள கேபிளை வாங்கிப் பூட்டுகிறோம். அந்தக் கேபிளின் தலைக்குள் ஒரு சில்லு இருக்கிறது. டிரைவர் வேண்டியது அந்தச் சில்லுக்குத்தான்.

இந்தச் சில்லு வியாபாரத்தில் நடந்தவை நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை. தைவானின் புரொலிஃபிக் நிறுவனத்தின் பி.எல். 2303 என்ற சில்லு உலகம் முழுவதும் ஓடியது. ஓடிய சரக்குக்குப் போலி வருவது உலக வழக்கம். நிறுவனம் போலியைத் தடுக்க முயன்றது. பழைய வகைகளையும் நிறுத்தியது. புதிய டிரைவர், பழைய வகைச் சில்லைக் கண்டால் வேலை செய்வதில்லை. "இது 2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்பு கொள்ளவும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டுகிறது. சென்னை ரிச்சி தெருவில் பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய கேபிளுக்கு விற்றவரை எங்கே போய்த் தொடர்பு கொள்வது? ஸ்காட்லாந்தின் எஃப்.டி.டி.ஐ. நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் டிரைவர், போலிச் சில்லைக் கண்டால் அதன் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கிவிட்டது. அதன் பிறகு எந்தக் கம்ப்யூட்டரும் அந்தக் கேபிளை வழக்கம்போல் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கூக்குரல் எழுந்ததும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள்.

போலி செய்தவன் குற்றவாளி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தண்டனை யாருக்குப் போயிற்று? பில் வாங்கி நல்ல காசு கொடுத்து வாங்கிய கடைக்காரருக்கு. அவர் பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும் சில்லை உடைத்துப் பார்த்தா வாங்குவார்?

இத்தகைய நிலையில் சர்வீஸ்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், பதினைந்து வருஷத்துக்கு முந்திய டிரைவரைத் தேடிப் பிடித்து ஏற்றுகிறார்கள். அதைப் புதிய விண்டோஸின் காவல் தடுத்தால் காவலை அணைக்கிறார்கள். என் கடையில் நடந்தது இதுதான். இப்போது கேபிளை மாற்றிவிட்டேன். புதிய வகைச் சில்லு உள்ள கேபிள், சில நூறு ரூபாய். பழைய டிரைவரை நீக்கி, காவலை மறுபடி இயக்கினோம். தராசு பேசுகிறது. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் பல லட்ச ரூபாய் நிலுவையை மூன்று மாதம் திறந்த வெளியில் வைத்திருந்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

எது எதற்கு எந்த வழி

டிரைவர் தடைபட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. மிகப் பழைய டிரைவர்கள் 32 பிட் முறையில் எழுதியவை. விண்டோஸ் 11இல் 32 பிட் வகையே கிடையாது. அந்த டிரைவருக்காக எந்தக் காவலை அணைத்தாலும் பயனில்லை. அணைத்துப் பார்த்து, வேலை செய்யாமல், அணைத்ததை மறந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அது இரட்டை நஷ்டம்.

பிரிண்டர் விஷயம் வேறு. பிரிண்டர் டிரைவர்கள் இப்போது உள்ளறைக்கு வெளியிலிருந்தே வேலை செய்கின்றன. ஆகையால் "பிரிண்டருக்காக மெமரி இன்டெக்ரிட்டியை எடுத்தேன்" என்று யாராவது சொன்னால் காரணத்தை விசாரிக்க வேண்டும். அதற்காகப் பிரிண்டர் வழியே ஆபத்து இல்லை என்பதல்ல. 2021இல் பிரிண்ட் நைட்மேர் என்று பெயர் பெற்ற ஓட்டை, அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலரில்தான் இருந்தது. அதன் பிறகே நிர்வாகி அனுமதி இல்லாமல் பிரிண்டர் டிரைவர் ஏற்ற முடியாதபடி செய்தார்கள். பையன்களுக்கெல்லாம் நிர்வாகி பாஸ்வேர்டு கொடுத்து வைத்திருக்கும் கடைகளில் இந்த ஏற்பாட்டால் ஒரு லாபமும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைக் கண்டால் சிரிக்கிற இளைஞர்கள், லாரி ஷெட்டில் மூன்று நகல் பில் கேட்கும்போது என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. கார்பன் நகல் எடுக்க அதைவிட்டால் வழியில்லை. ரிப்பன் மாற்றினால் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் தூக்கி எறியச் சொல்கிறவர் பேச்சை நான் கேட்க மாட்டேன். விண்டோஸோடு கூடவே வரும் "ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி" என்ற டிரைவரே ஆங்கில எழுத்து பில்லுக்குப் போதும். வெளி டிரைவர் எதுவும் வேண்டாம். தமிழில் பில் போடுகிறவர்களுக்கு இது உதவாது. நம் எழுத்தைப் பிரிண்டர் படமாகத்தான் வரைய வேண்டும். அதற்குப் பிரிண்டரின் உரிய டிரைவரே தேவை. அதை உற்பத்தியாளரின் இணையதளத்தில் 64 பிட் என்று பார்த்து எடுக்க வேண்டும். "டிரைவர் இலவசம்" என்று கூவுகிற கண்ட தளங்களில் எடுப்பது, ரோட்டில் போகிறவனைக் கூப்பிட்டுச் சாவி செய்யச் சொல்வதுதான்.

இன்னொன்று. விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசோலேஷன் என்ற இடத்துக்குப் போய்க் காவலை இயக்க முயன்றால், ஒத்துவராத டிரைவர்களின் பெயரை அதுவே பட்டியலிட்டுக் காட்டும். தம்பி மகன் அதைப் பார்த்தபோது என் கம்ப்யூட்டரில் இரண்டு பெயர் இருந்தன. ஒன்று தராசு கேபிள். மற்றது, பழைய கம்ப்யூட்டரோடு வைத்திருந்து எப்போதோ குப்பைக்குப் போன ஒரு சாதனத்துடையது. அதே சி.டி.யிலிருந்து கூடவே ஏறியிருக்கிறது. ஆள் வேலையை விட்டுப் போனபின் அவன் சாவி மட்டும் கடையில் தொங்கிய மாதிரி. அதை நீக்கியதில் யாருக்கும் எந்த நஷ்டமும் வரவில்லை. பல கடைகளில் முழுப் பிரச்சினையும் இவ்வளவுதானோ என்று தோன்றுகிறது.

எல்லாம் இப்படிச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடாது என்பதும் தெரியும். லாரி எடை மேடை வைத்திருப்பவர்கள், கலர் கலக்கும் மிஷின் வைத்திருக்கும் பெயின்ட் கடைக்காரர்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். அந்த மிஷின்கள் ஒரு கேபிள் விலை அல்ல. உள்ளே இருக்கும் அட்டைக்குப் புதிய டிரைவர் வராமலே போகலாம். இவர்களிடம் "மாற்றுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவர்களுக்கு என் யோசனை, பழைய கம்ப்யூட்டரை அந்த மிஷினுக்கே விட்டுவிடுங்கள் என்பதுதான். இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். அதில் பாங்கு வேலை, மெயில், வாட்ஸ்அப் எதுவும் கூடாது. கடையின் மற்ற கம்ப்யூட்டரோடும் இணைக்கக் கூடாது. அந்த இயந்திரம் எடை போடட்டும் அல்லது கலர் கலக்கட்டும். பணக் கணக்கு காவல் முழுவதும் உள்ள வேறு இயந்திரத்தில் இருக்கட்டும். கோப்பு மாற்ற ஒரு பென் டிரைவை அதற்கென்று தனியே ஒதுக்கி, புதிய கம்ப்யூட்டரில் செருகும்போது சோதித்த பிறகே திறக்க வேண்டும். கொஞ்சம் சிரமம்தான்.

காவலை அணைப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டுக்காரர்கள் வேகத்துக்காக அதை அணைத்துக்கொள்ளலாம், ஆடி முடித்ததும் திரும்ப இயக்கிவிடுங்கள் என்று மைக்ரோசாப்டே 2022இல் சொன்னது. விளையாட்டுப் பையனின் கம்ப்யூட்டரில் விருதுநகர், கோவில்பட்டி, சங்கரன்கோவில் நிலுவைகள் இல்லை. நமக்கு ஒரு நாள் தவிர்க்க முடியாமல் அணைக்க வேண்டி வந்தால், யார் அணைத்தது, எந்தத் தேதி, எதற்காக, எப்போது திரும்ப இயக்குவது என்பது ஒரு நோட்டில் எழுதப்பட வேண்டும். தராசுக்கு நாம் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். முத்திரையை உடைத்துப் பழுது பார்த்தால் மறுபடி முத்திரை போடாமல் அந்தத் தராசில் ஒரு கிலோ சீனி நிறுக்க முடியுமா? சான்றிதழைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்கிறோம். தராசின் முத்திரையைக் கேட்காமல் உடைக்கும் மெக்கானிக்கை நாம் அடுத்த முறை கூப்பிட மாட்டோம். கம்ப்யூட்டரில் மட்டும் ஏன் அந்தக் கண்டிப்பு இல்லை?

விற்கிறவர் கடமை

இவ்வளவும் வாங்கினவர் தலையிலேயே விழுவது நியாயமல்ல. ஒரு பிரிண்டரோ தராசோ வாங்கும்போது எத்தனை வருஷம் காரண்டி என்று கேட்கிறோம். எத்தனை வருஷத்துக்குப் புதிய டிரைவர் தருவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே யாரும் சொல்வதும் இல்லை. இரும்பு பத்து வருஷம் உழைக்கிறது, டிரைவர் நாலு வருஷத்தில் செத்துவிடுகிறது என்றால் அந்தப் பொருளின் ஆயுள் நாலு வருஷம்தான். விலையும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் வீட்டுப் பொருள்களை விற்பவர்கள் எத்தனை காலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்பதை வெளியிட்டே ஆக வேண்டும். ஐரோப்பிய யூனியன் 2024இல் நிறைவேற்றிய சட்டத்தின் முக்கியப் பகுதிகள் 2027 டிசம்பர் 11 முதல் நடைமுறைக்கு வர வேண்டியவை. பொதுவாக ஐந்தாண்டுக்குக் குறையாமல் திருத்தம் தர வேண்டும் என்கிறது அது. நம் நாட்டில் 2022 டிசம்பர் 24ஆம் தேதி மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. நல்ல தொடக்கம். ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். தன் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்கிறவருக்கு மட்டும் விலக்கு உண்டு. சிறு கடைக்காரர் வாதாடலாம்; மொத்த வியாபாரிக்கு வழி குறுகல். ஆகவே சட்டம் வருகிறவரை நம் கையில் இருப்பது கொள்முதல் ஆர்டர்தான். ஆர்டர் எழுதும்போதே "விண்டோஸ் 11இல் எல்லாக் காவலும் இயங்கும் நிலையில் வேலை செய்ய வேண்டும், இத்தனை ஆண்டு டிரைவர் தர வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்து, விற்பவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். சங்கத்தின் அத்தனை பேரும் கேட்டால் அச்சடித்தே வைத்திருப்பார்கள்.

அடுத்த செயற்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி செயலாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். உறுப்பினர்கள் தங்கள் கடையில் உள்ள பழைய தராசு, பிரிண்டர், டாங்கிள், கேபிள் ஆகியவற்றின் பெயரையும் மாடல் எண்ணையும் ஒரு தாளில் குறித்து, எதற்காவது காவலை அணைத்து வைத்திருந்தால் அதையும் ஒளிக்காமல் எழுதிக் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே மாடலை இருபது பேர் வைத்திருந்தால், டிரைவர் கேட்டு அந்த நிறுவனத்துக்குச் சங்கத்தின் பெயரிலேயே எழுதலாம். எங்கள் பகுதியில் சர்வீஸ் பார்க்கும் தம்பிமார்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். என் கடைத் தம்பியிடம் சொல்லிவிட்டேன்; வருகிறேன் என்றிருக்கிறார்.